12 படுக்கைகளில் தொடங்கிய அமானிதம்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

நம் வீடுகளில் ஒரு பெண் கர்ப்பமானால் அடுத்த சில வாரங்களில் காதில் விழும் பெயர் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, பிக்மி எண் வாங்கியதும், முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துவிட்டதா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்பார்கள். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்து நெசவாளர் குடும்பங்களிலும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்போர் வீடுகளிலும் இந்தக் கேள்வி அன்றாடம் கேட்பதுதான். ஊட்டச்சத்துப் பெட்டகமும் ரொக்கமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் தமிழக அரசு தரும் அந்த மகப்பேறு உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் யார், என்ன செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவரை முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்ற அளவில் நிறுத்திக் கொள்கிறோம். அவருடைய வாழ்வில் நம் சமுதாயம் கூர்ந்து படிக்க வேண்டிய வேறொரு பகுதி இருக்கிறது. ஒரு மருத்துவ அறநிதியை உருவாக்கி, அதன் பொறுப்பில் இருந்து, அதை மருத்துவமனையாக்கி, தனக்குப் பின்னும் நிலைக்கும்படி விட்டுச் சென்ற பகுதி அது. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பைத்துல்மாலிலும் மருத்துவ உதவிக் குழுக்களிலும் பொறுப்பு வகிக்கும் சகோதரர்களுக்கு அதில் நிறையப் பாடம் உண்டு.

புதுக்கோட்டைச் சிறுமி

1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். சாதி கடந்து இணைந்த குடும்பம் என்பதால் உறவினர்களின் புறக்கணிப்பைச் சிறு வயதிலேயே அவர் பார்த்து வளர்ந்தார்.

பெண் பிள்ளைகளைப் பெரும்பாலும் பருவமடைவதற்கு முன்பே மணமுடித்து அனுப்பிவிடும் காலம் அது. முத்துலட்சுமியோ படிக்க வேண்டும் என்றார். மெட்ரிகுலேஷன் தேறிய பின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் ஒழுங்கு கெடும் என்று பெற்றோர்கள் சிலர் குரல் எழுப்பினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. அவரைச் சேர்த்துக் கொள்ளச் செய்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். 1904-இல் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த ஒரே மாணவி முத்துலட்சுமி.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சிறப்பான தேர்ச்சியோடு மருத்துவரானார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இவர்தான் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. வங்காளத்தில் காதம்பினி கங்குலி, மராட்டியத்தில் ஆனந்திபாய் ஜோஷி, ருக்மாபாய் ஆகியோர் இவருக்கு முன்பே மருத்துவம் படித்தவர்கள். ஆனால் தமிழகத்தில் பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் முன்வரிசையில் நின்றவர் இவர்.

1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பணியில் தலையிடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் திருமணத்துக்குச் சம்மதித்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு மகன்கள். இளையவரான கிருஷ்ணமூர்த்தியை இந்தக் கட்டுரையில் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்

1917-இல் அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தில் முத்துலட்சுமி அம்மையார் தீவிரமாகப் பணியாற்றினார். 1926-இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழில் தடைபடுமே என்று முதலில் தயங்கியவர், மாதர் சங்கத்தாரின் வற்புறுத்தலுக்குப் பின் இசைந்தார். அவையில் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பதவியை வைத்துக்கொண்டு அவர் கேட்டவற்றைப் பார்த்தால், ஒரு மருத்துவரின் கண் தெரிகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சிகிச்சை வசதி வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடினார். அந்தப் போராட்டம் 1947-இல்தான் முழுச் சட்டமாக முடிந்தது.

நம் சமுதாயம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு செய்தியும் இங்கே இருக்கிறது. முஸ்லிம் மாணவிகள் சென்னையில் தங்கிப் படிக்கத் தனி விடுதி வேண்டும் என்று அரசை வலியுறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். பர்தா முறைக்குள் வளர்ந்த பெண் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து படிக்க முதல் தடை தங்கும் இடம்தான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நம் வீட்டுப் பெண்களின் படிப்பைப் பற்றி நம்மிலேயே பலர் யோசிக்காத காலத்தில், நம் சமுதாயத்தைச் சாராத ஒரு பெண்மணி அதைக் கேட்டிருக்கிறார்.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மேலவைப் பதவியைத் துறந்தார். பின்னர், போக்கிடமில்லாமல் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பெண் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். அப்படி உருவானதுதான் அவ்வை இல்லம். அடையாறில் அது இன்றும் நடக்கிறது.

தங்கையின் மரணம்

இத்தனைக்கும் நடுவில் அவர் மனத்தை விட்டு அகலாத ஒரு துயரம் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடல் நலம் கெட்டது. சீதபேதி என்று நினைத்துச் சிகிச்சை தரப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். கண்டுபிடித்தபோது நோய் முற்றிவிட்டது. மருத்துவம் படித்த அக்காள் பக்கத்தில் இருந்தும் இளம் வயதிலேயே அந்தத் தங்கை இறந்து போனார்.

இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வீட்டில் மருத்துவர், கணவரும் மருத்துவர், பழகியவர்கள் எல்லாம் பெரிய மருத்துவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்திலேயே நோய் தப்பாக அறியப்பட்டது என்றால், கிராமத்தில் இருக்கும் ஏழைப் பெண்ணின் கதி என்ன? இந்தக் கேள்விதான் அம்மையாரைத் துரத்தியது. 1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

துயரம் வராத குடும்பம் இல்லை. வந்த துயரத்தை நாற்பது நாள் அழுது முடித்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவர் அந்தத் துயரத்தை முப்பது ஆண்டுகள் சுமந்து, மற்றவர்களின் தங்கைகளுக்கான மருத்துவமனையாக மாற்றினார்.

கதவைத் தட்டிய ஆண்டுகள்

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை அம்மையார் வெளிப்படையாக முன்வைத்தார். கேட்டவர்களிடம் பெரிய உற்சாகம் எழவில்லை. அதன் பின் உலகப் போர் வந்தது. பணமும் பொருளும் போருக்குப் போயின. 1941-இல் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தெற்கே அப்படி ஒன்று வரவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னும் அரசு அலுவலகங்களில் கிடைத்த பதில் ஊக்கமூட்டுவதாக இல்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். தொற்றுநோய்களும் பிரசவ மரணங்களும் மிகுந்திருந்த நாட்டில் பணத்தை எங்கே முதலில் செலவழிப்பது என்ற கேள்வி அவர்கள் முன் இருந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் புற்றுநோயிலும் பிழைக்க வைக்கலாம் என்பதை அம்மையார் வெளிநாட்டில் கண்ணால் பார்த்தவர். அதனால் அவர் விடவில்லை.

அரசு தரட்டும் என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டு, 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சட்டமன்றம், சங்கம், இல்லம் என்று ஒரு வாழ்நாளுக்குப் போதுமான பணிகளைச் செய்து முடித்தவர் அவர். ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வயதில் நன்கொடை கேட்டு மற்றவர்களின் வாசலில் நின்றார்.

நிதி திரட்டுவது என்றால் என்ன என்று நம் ஜமாஅத்துகளில் வசூலுக்குப் போன சகோதரர்களுக்குத் தெரியும். கொடுப்பவர்களும் உண்டு, நாளைக்கு வாருங்கள் என்பவர்களும் உண்டு, போன முறை கொடுத்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. பெயர் பெற்ற மருத்துவர், பதவியில் இருந்தவர் என்ற எந்தப் பெருமையும் அந்த வாசலில் உதவாது. கேட்பவரின் நாணயம் ஒன்றே உதவும். அம்மையாரின் நாணயத்தை நம்பித்தான் மக்கள் கொடுத்தார்கள்.

அடையாறு காந்தி நகரில் இடம் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. சிறிய கட்டடம், 12 படுக்கைகள், விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே அமைந்த முதல் மருத்துவமனை அதுதான். 1935-இல் மேடையில் வைத்த கோரிக்கை 19 ஆண்டுகள் கழித்து நிறைவேறியது.

யாரிடம் ஒப்படைத்தார்?

ஒரு அறநிலையத்தைத் தொடங்குவது பாதி வேலை. அதைச் சரியான கையில் கொடுப்பது மீதி வேலை. நல்லவர் ஒருவர் ஆரம்பித்த மதரஸாவோ மருந்தகமோ அவர் மறைந்ததும் வாரிசுச் சண்டையில் சிக்கி மூடப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். சிலவற்றில் வக்ஃபு சொத்து கூட வீட்டுச் சொத்துப் போல ஆகிவிடுகிறது.

அம்மையாரின் இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். மருத்துவமனையின் தொடக்கம் முதல் அதைத் தோளில் சுமந்தவர் அவரே. மகனை உள்ளே கொண்டு வந்துவிட்டாரே என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சொல்லலாம். ஆனால் அங்கே அனுபவிக்க ஒன்றும் இல்லை. வெளியே போயிருந்தால் வசதியாகச் சம்பாதித்திருக்கக் கூடிய ஒரு நிபுணர், 12 படுக்கை அறநிலையத்தில் வேலை செய்ய வந்தார் என்பதே நடந்தது.

அடுத்த ஆண்டு, 1955-இல், டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். அரசு மகளிர் மருத்துவமனையில் அவருக்கு நிலையான வேலை கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார். கிருஷ்ணமூர்த்திக்குப் பின் 1980-இல் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் அவரே. குடும்பத்தைச் சாராத ஒருவர், உழைப்பின் பேரில் அந்த இடத்துக்கு வந்தார். 2005-இல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரி 19 அன்று மறையும் வரை அந்த நிறுவனத்தோடே இருந்தார்.

ஆகவே முத்துலட்சுமி அம்மையார் விட்டுச் சென்றது கட்டடத்தை மட்டுமல்ல. ஏழையும் பணக்காரரும் ஒரே தரத்தில் சிகிச்சை பெற வேண்டும், கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வழக்கத்தையும் விட்டுச் சென்றார். அங்கு வருவோரில் பெரும்பாலோர் இன்றும் இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி, குழந்தைகளுக்கான தனிப் புற்றுநோய்ப் பிரிவு, சென்னையில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று 1980-களிலிருந்து கணக்கெடுக்கும் பதிவேடு என்று பல பணிகள் அந்த 12 படுக்கைகளிலிருந்து கிளைத்தவை.

1956-இல் அம்மையாருக்கு பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கும்போது அவர் காலமானார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

நமக்கு என்ன?

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் மருத்துவ உதவி செய்யும் அறக்கட்டளைகள் குறைவில்லை. பைத்துல்மால், ஆம்புலன்ஸ் சேவை, இரத்த தான முகாம், இலவச மருந்து, ஜகாத் நிதியிலிருந்து சிகிச்சைச் செலவு என்று பல வகையில் சகோதரர்கள் உழைக்கிறார்கள். அவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அம்மையாரின் வாழ்வை அருகில் வைத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, குழுவில் பெண்கள் இல்லை. புற்றுநோய்க்கான நிதியைத் தொடங்கியது ஒரு மாதர் சங்கம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது தற்செயலாக நடந்ததல்ல. மார்பில் கட்டி, கருப்பை வாயில் புண், மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தப்போக்கு என்று ஒரு பெண் முதலில் சொல்வது இன்னொரு பெண்ணிடம்தான். நம் மஹல்லாவில் மருத்துவ உதவி கேட்டு மனு கொடுக்க வேண்டுமென்றால், அவள் தன் நோயைக் கணவரிடம் சொல்லி, கணவர் நிர்வாகியிடம் சொல்லி, நிர்வாகி கூட்டத்தில் நாலு பேர் முன்னால் படிக்க வேண்டியிருக்கிறது. கூச்சப்பட்டே பல சகோதரிகள் வாயைத் திறப்பதில்லை. வலி தாங்க முடியாமல் போகும்போது சொல்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. அம்மையாரின் தங்கைக்கு நடந்தது நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் தெருக்களில் நடக்கிறது. மருத்துவ உதவிக் குழுவில் இரண்டு பெண்களையாவது பொறுப்பில் அமர்த்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. ஆலிமா, ஆசிரியை, செவிலியர் என்று தகுதியான சகோதரிகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, எங்கே செலவழிப்பது என்ற தெளிவு. இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைச் செலவின் பெரும் பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். ஏன்? கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் போக வேண்டும். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துத் திருத்தணி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை சென்ட்ரல் போய், மறுபடி பஸ் ஏறி அடையாறு போய்ச் சேர வேண்டும். போய் வருவதற்கே ஒரு நாள் கழிந்துவிடும். நோயாளியோடு துணைக்கு ஒருவர் போனால் அவருடைய தறி அன்று ஓடாது, கூலியும் வராது. சென்னையில் தங்கலாம் என்றால் வாடகை. இந்தச் சிறு செலவுகள்தான் குடும்பத்தை உடைக்கின்றன. பெரிய தொகை திரட்ட முடியாத சிறு ஊர் அறக்கட்டளையும் இதைச் செய்யலாம். பஸ், ரயில் கட்டணம், சென்னையில் தங்க இடம், துணைக்கு வருபவரின் சாப்பாடு, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அரிசி பருப்பு என்று பிரித்துக்கொண்டால் ஒரு நோயாளியின் சிகிச்சை முழுமையடையும்.

மூன்றாவது, கணக்கு. அறநிதி என்பது அமானிதம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று எழுதி வைத்து, கேட்காமலேயே காட்ட வேண்டும். உதவி பெற்றவரின் பெயரையும் நோயையும் மட்டும் மறைக்க வேண்டும். இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கணக்கு மறைவாக இருக்கிறது, காசோலையை வாங்கும் ஏழையின் முகம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. மார்புப் புற்றுநோய் வந்த ஒரு தாயின் படத்தை அப்படிப் பரப்பிவிட்டு, அடுத்த நோயாளி உதவி கேட்டு வருவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

நான்காவது, பதவியும் பணியும். நிர்வாகக் குழுவில் பெயர் வர வேண்டும் என்று விரும்புவோர் பலர். கூட்டத்துக்கு வருவோர் சிலர். மருத்துவமனைக்கு நோயாளியோடு போய் வரிசையில் நிற்போர் மிகச் சிலர். வயதில் பெரியவர்கள் இளைஞர்களுக்கும் சகோதரிகளுக்கும் இடம் கொடுத்து, வேலை கற்றுக்கொடுத்து, ஒதுங்கி நின்று துணை செய்தால் அந்த அறக்கட்டளை அவர்கள் காலத்துக்குப் பின்னும் நிற்கும்.

இனி செய்ய வேண்டியது

ஒவ்வொரு குடும்பத்திலும் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பு, கருப்பை வாய்ப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். பெண் செவிலியர்களே செய்வதால் நம் சகோதரிகள் தயங்கத் தேவையில்லை. வீட்டில் புகையிலை, பாக்கு, குட்கா பழக்கம் உள்ள ஆண்கள் இருந்தால் அவர்களின் வாயையும் காட்டிவிடுவது நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வலியில்லாத கட்டி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு, மாறிப்போன மலப்பழக்கம் இவற்றில் எதையும் சூடு, மூலம், சீதபேதி என்று நாமே பெயர் வைத்துக் காலம் கடத்தக் கூடாது. அந்தத் தவறான பெயரால்தான் அம்மையார் தன் தங்கையை இழந்தார்.

கணவர்மார்களும் மகன்களும் இதில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். நம் வீட்டுத் தாய்மார்கள் எல்லோருக்கும் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள், தங்களுக்கென்று வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அப்புறம் என்ற சொல்லை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. கையைப் பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமை.

ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவைப் பற்றிப் பேசும்போது, நிதி எவ்வளவு என்பதற்கு முன், அந்தக் குழுவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துவிட்டதா என்று கேட்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு, அந்தப் பெயருக்கு உரியவர் செய்த வேலையில் ஒரு சிறு பங்கைத் தங்கள் ஊரிலேயே செய்யும் வாய்ப்பு அதனால் கிடைக்கும்.